மூன்று முறை தட்டப்பட்ட கதவு



ஆண்டுதோறும் மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாள்களில், நமது பங்கு இல்லத்தின் திண்ணையில் பெற்றோர் சிலர் வந்து அமர்வது வழக்கம். கையில் மதிப்பெண் சான்றிதழ் இருக்கும். நெஞ்சில் ஓர் ஆசை இருக்கும். மகனையோ மகளையோ மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்பதே அந்த ஆசை. நற்சான்றுக் கடிதம் ஒன்று வேண்டுமென்பர். நாமும் தயங்காமல் எழுதிக் கொடுப்போம். ஆயினும் கடிதத்தில் கையொப்பமிடுமுன் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாகக் கொண்டுள்ளோம்: எதற்காக மருத்துவம்?

கடந்த ஆண்டு அவ்வாறு வந்த ஒரு தாயார், "என்ன சாமி இப்படிக் கேட்கிறீர்கள்? கௌரவமான தொழில். நாலு பேர் மதிப்பார்கள். நாங்கள் பட்ட கடனும் அடையும்" என்றார். அவர் கூறியதில் பொய் ஏதுமில்லை. உழைத்துக் களைத்த ஒரு தாயின் உள்ளம் அவ்வாறு எண்ணுவதைக் குறைகூற நாம் யார்? ஆனால் அருகில் நின்ற மகள் தலை நிமிரவேயில்லை. அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அப்பெண்ணுக்காக அன்று நாம் சொன்ன வரலாற்றையே இம்மாதம் உங்கள் அனைவருக்கும் சொல்ல விழைகிறோம்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறியாத குடும்பம் நம்மிடையே இராது. காட்பாடிச் சந்திப்பில் இறங்கிப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும், எல்லை கடந்து வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளைச் சுமந்துகொண்டு வரும் குடும்பங்கள் நாள்தோறும் அங்கு இறங்குகின்றன. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. இன்று 2,500க்கும் மேற்பட்ட படுக்கைகளைக் கொண்டு நிற்கும் இந்நிலையம், 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. அந்த ஒரு படுக்கைக்கும் முன்னே இருந்தது, இரவில் தட்டப்பட்ட ஒரு கதவு.

அமெரிக்க ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பம் மருத்துவத் தொண்டுக்குப் பெயர் பெற்றது. பாட்டனாரான ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து, பின்னர் சென்னைக்குப் பெயர்ந்தவர். அவருடைய மக்கள் பலரும் இந்நாட்டிலேயே பணியாற்றினர். அவர்களுள் ஒருவரது மகளாக 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அவர் சிறுமியாயிருந்தபோதுதான் 1870களின் இறுதியில் நம் நாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டியது. பசியால் வாடி வந்த குழந்தைகளுக்குத் தம் சிறு கைகளால் ரொட்டித் துண்டுகளைப் பகிர்ந்தளித்த அச்சிறுமி, இத்தகைய துயரம் நிறைந்த நாட்டில் வாழ்நாளைக் கழிப்பதில்லை என்றே உறுதி கொண்டாள். அமெரிக்காவில் கல்வி, நண்பர், இன்பமான இல்லறம் என்பதே அவள் கண்ட கனவு.

தாயார் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு, 1890களின் தொடக்கத்தில் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். சில காலம் தங்கித் தாயைப் பேணிவிட்டுத் திரும்புவதே நோக்கம். ஒருநாள் இரவு கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிள்ளைப்பேற்றில் துன்புறுகிறாள். உடனே வரவேண்டும் என்றார். தாம் மருத்துவரல்லவென்றும், தந்தையே மருத்துவரென்றும், அவரை அழைத்துச் செல்லலாமென்றும் ஐடா கூறினார். வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று கூறி இளைஞர் திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை ஒரு முஸ்லிம். அதே துயரம், அதே மறுப்பு. மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. மற்றோர் இந்துக் குடும்பத்தவர். அவரும் அவ்வாறே திரும்பினார்.

ஐடா அன்றிரவு உறங்கவில்லை. பொழுது புலர்ந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அன்று காலையிலேயே அவர் தம் பெற்றோரிடம் சென்று, மருத்துவம் பயின்று திரும்பி வருவதாகக் கூறினார்.

வாசகர்களே, இந்நிகழ்ச்சியை நம்மில் பலர் மறையுரைகளில் கேட்டிருக்கலாம். கேட்டு, மனம் நெகிழ்ந்து, மறந்தும் இருக்கலாம். ஆனால் நாம் கருதத்தக்கது யாதெனில், நெகிழ்ச்சி ஓர் இரவில் வரும். மருத்துவராவதற்கோ ஆண்டுகள் பிடிக்கும். ஐடா 1895இல் பிலதெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியைப் பெண்களுக்குத் திறந்தபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார். அருகிருந்து தொழில் கற்பிக்க வேண்டிய தந்தையார் அதே ஆண்டு மே மாதத்தில் இறந்துபோனார். வேலூரில் தந்தையின் பங்களாவில் ஒரு சிறிய அறை; அதில் ஒரு படுக்கை; துணைக்கு அனுபவமில்லை. தொடக்கத்தில் நோயாளிகள் வரவும் அஞ்சினர். ஆயினும் முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் அங்கு மருத்துவம் பெற்றனர் என்பர்.

நியூயார்க் நகரத்து வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பெரும்பாலான நன்மனிதரின் கதை இத்தகைய இடத்தில் நிறைவுறும். ஒரு நல்ல மருத்துவர், ஒரு நல்ல மருத்துவமனை, நன்றியுள்ள மக்கள், இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் ஐடாவின் உள்ளம் கணக்குப் போட்டுப் பார்த்தது. அன்றிரவு தட்டப்பட்டது ஒரு கதவு. அதே இரவில் ஆற்காட்டு மாவட்டங்களின் ஊர்களில் தட்டப்பட்ட, தட்டப்படாத கதவுகள் எத்தனை? ஒருத்தி எத்தனை வீட்டிற்குப் போக முடியும்? எத்தனை ஆண்டு உயிரோடிருக்க முடியும்? குணப்படுத்தும் ஒருவர் ஆயிரம் பேரைக் குணப்படுத்தலாம். கற்பிக்கும் ஒருவர், தாம் இறந்த பின்னும் குணப்படுத்திக்கொண்டேயிருக்கலாம்.

இந்த எண்ணத்தினால் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. அவ்வாண்டுகளில் மோட்டார் வண்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் புறப்பட்டு, குறித்த மரத்தடிகளில் நிறுத்தி, காத்திருந்த கிராம மக்களுக்கு மருந்தளித்துச் செல்லும் சாலையோர மருத்துவம் வளர்ந்தது. பின்னாளில் மாணவியரும் அந்த வண்டியில் ஏறினர். புத்தகத்தில் படித்த நோயைப் புழுதியில் கண்டனர்.

பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்று தொடங்க வேண்டும் என்று ஐடா கேட்டபோது, அதிகாரிகள் புன்முறுவல் செய்தனர். சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது உண்மையே. ஆயினும் அவ்வாறு கற்றவர் மிகச் சிலரே. விண்ணப்பிக்க எத்தனை பெண்கள் வருவர் என்று மருத்துவத் துறைத் தலைவரான கர்னல் பிரைசன் ஐயுற்றார். ஆறு பேர் கிடைத்தால் தொடங்கலாம் என்ற அளவிலேயே இசைவு கிடைத்தது. வந்த விண்ணப்பங்களோ 151. 1918 ஆகஸ்டில் பள்ளி தொடங்கியது. முதல் தேர்வு வந்தபோது, ஆண்கள் பயிலும் பள்ளிகளிலேயே ஐவரில் ஒருவர்தாம் தேறுகின்றனர் என்றும், பெண்கள் தோற்றால் மனம் தளர வேண்டாமென்றும் முன்னரே ஆறுதல் கூறப்பட்டது. வேலூரிலிருந்து தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். 1922இல் அவர்கள் பட்டயம் பெற்று வெளியேறினர். ஒரு பெண் மருத்துவர் இருந்த இடத்தில் இப்போது பதினைவர். நகரின் நடுவே தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. 1932இல் பாகாயத்தில் மலைகள் சூழக் கல்லூரி வளாகம் அமைந்தது.

இனி, கத்தோலிக்கராகிய நாம் அடக்கத்தோடு கேட்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. இந்த ஆண்டுகளில் நம் கன்னியர் எங்கே இருந்தனர்? மருந்தகங்கள் பல நடத்தினர், நோயாளிகளைப் பேணினர், தொழுநோயாளரைக் கழுவித் துடைத்தனர். ஆனால் துறவறத்தார் மருத்துவத் தொழில் புரிவதற்கும், குறிப்பாகப் பிள்ளைப்பேறு பார்ப்பதற்கும் திருச்சபையின் ஒழுங்குமுறை தடையாயிருந்தது. ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவரான ஆக்னஸ் மக்லாரன் அம்மையார், இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில் கோஷாப் பெண்களுக்காக மருத்துவமனை ஒன்று நிறுவ உழைத்தவர். முதிர்ந்த வயதிலும் அவர் பலமுறை உரோமைக்குச் சென்று, கன்னியர் மருத்துவராக இசைவு தர வேண்டுமென மன்றாடினார். இசைவைக் காணாமலேயே 1913இல் கண்மூடினார். அவருடைய அழைப்பை ஏற்று மருத்துவம் பயின்று இராவல்பிண்டி வந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், 1925இல் மருத்துவப் பணிக்கென ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி, 1920இல் குண்டூர் வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அவர் மருத்துவம் செய்யத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பரின் தனி இசைவு தேவைப்பட்டது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதரின் காலத்தில், 1936 பிப்ரவரியில்தான், உரோமையிலிருந்து பொதுவான இசைவு வந்தது.

இதை நாம் கூறுவது திருச்சபைத் தாயைக் குறைகூறுவதற்கன்று. பிரிந்த சகோதரர் என நாம் அழைப்போர், நாம் தாமதித்த இடத்தில் தாமதிக்காமல் சென்றனர் என்பதை ஒப்புக்கொள்வது உண்மைக்குச் செய்யும் வணக்கம். வேலூரின் தோற்றம் ஒரு சபையாரின் முயற்சியானாலும், அதை வளர்த்தவர் பல நாடுகளின் பல சபையார். பலி மேடையில் ஒன்றுகூட இயலாதவர்கள் நோயாளியின் கட்டிலருகே ஒன்றுகூடினர். குளோரி அம்மையாரும் வேலூர் கற்பித்த அதே பாடத்தையே கற்பித்தார். ஒரு கன்னியர் மருத்துவம் செய்வது போதாது. மருத்துவரை உருவாக்க வேண்டும் என்றார். அவர் 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டுமென்று அவர் கண்ட கனவு, அவர் 1957இல் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1963இல் பெங்களூரில் தூய யோவான் மருத்துவக் கல்லூரியாக மலர்ந்தது.

வேலூருக்குத் திரும்புவோம். நல்ல பணிக்குச் சோதனை வராதிராது. 1930களின் இறுதியில், எல்.எம்.பி. பட்டயப் படிப்பை நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு மட்டுமே நடைபெற வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. மருத்துவக் கல்வியின் தரம் உயர வேண்டும் என்ற நோக்கம் நேரியதே. ஆனால் வேலூருக்கு அது உயிர்ப்போராட்டமாயிற்று. கூடுதல் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் ஆகிய அனைத்தும் வேண்டும், பணமோ இல்லை. ஐடாவின் வயது அப்போது 67. 1941இல், உலகப் போர் மூண்டிருந்த காலத்தில், 70 வயதில் அவர் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக இணைப்போடு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது.

இதைவிடக் கடினமானது மற்றொரு முடிவு. ஆண்களையும் சேர்த்து ஒரே கல்லூரியாக்கினால் எல்லாச் சபைகளின் ஆதரவும் கிடைக்கும், கல்லூரி பிழைக்கும். ஆனால் அது பெண்களுக்காகவே எழுந்த நிலையம். அமெரிக்கப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பெண் கல்விக்கென அளிக்கப்பட்டது. அப்பணத்தைத் திரட்டுவதில் முன்னின்ற நெடுநாள் தோழியான லூசி பீபாடி இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஐடாவின் கவலையிலும் நியாயம் இருந்தது. தாம் பெற்ற பிள்ளை பிழைக்க வேண்டுமானால், தாம் எண்ணியபடியே அது வளர வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிட வேண்டும். பெற்றோராகிய உங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1947இல் ஆண் மாணவர் சேர்ந்தனர். 1950இல் நிலையான இணைப்புக் கிடைத்தது. அதற்குள் பொறுப்பு இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் அவர்களின் கைக்கு வந்திருந்தது. ஐடா தாம் அமர்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து, கோடைக்கானலுக்குச் சென்று, 1960இல் தம் 89ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

கற்பிக்கும் மருத்துவமனைக்கும் பிற மருத்துவமனைக்கும் என்ன வேறுபாடு? இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், 1946இல் வேலூருக்குக் கற்பிக்க வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்திற்கு அவரை அழைத்துச் சென்றார் டாக்டர் இராபர்ட் காக்ரேன். மடங்கிப்போன விரல்களைக் கண்ட பிராண்ட், இவற்றை ஏன் எவரும் அறுவை செய்து சீராக்கவில்லை என்று வியந்தார். எலும்பு மருத்துவர் எவரும் அதுவரை இந்நோயாளரின் பக்கம் திரும்பவில்லை. தொழுநோயால் சதை தானே அழுகி விரல் விழுகிறது என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்டும் அவருடைய குழுவினரும் பொறுமையாக ஆராய்ந்தனர். நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வைப் போக்குகிறது. வலி தெரியாததால் நோயாளி சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், முள் தைத்த காலோடு நடக்கிறார். அக்காயங்களே விரலைத் தின்கின்றன என்பதைக் கண்டனர். நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய கைகளை 1948 முதல் திறக்கச் செய்தனர். வலி என்னும் கொடை இல்லாதவனின் துயரை உலகிற்கு விளக்கிய பாடம் இது.

பிராண்டின் மாணவியருள் ஒருவர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்தவர், அறுவை மருத்துவராக வேண்டுமென்ற பேரார்வம் கொண்டவர். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்பின் கீழ் உணர்விழந்தார். வாழ்க்கை முடிந்தது என்றே எண்ணியிருப்பார். ஆனால் கைகளில் குறையில்லையே என்று ஆசிரியர் எடுத்துக்காட்டினார். கை அறுவையை அமர்ந்தவாறே செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளரின் கைகளை அவர் திறந்தார். தாம் நடக்க இயலாதவர், பிறர் கை நீட்டி உண்ணச் செய்தார். பின்னர் வெளிநாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பி, உடல் ஊனமுற்றோர் மறுவாழ்வுத் துறையை வேலூரில் வளர்த்தார். 1966இல் அதற்கென மறுவாழ்வு நிலையம் அமைந்தது. அரசு 1972இல் பத்மஸ்ரீ விருதளித்தது. நோயாளியும் மாணவியும் ஆசிரியையும் ஒருவரே ஆனார். கற்பிக்கும் மருத்துவமனையில்தான் இது கூடும்.

1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பியல் அறுவைத் துறை, 1961இல் நிகழ்ந்த திறந்த இதய அறுவை, 1971இல் நிகழ்ந்த சிறுநீரக மாற்று அறுவை என நம் நாட்டு மருத்துவத்தின் தொடக்கப் பக்கங்கள் பல வேலூரில் எழுதப்பட்டன. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோதே, எய்ட்ஸ் நோய்க்கிருமி நம் நாட்டில் நுழைந்துவிட்டது தெரியவந்தது. ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரைக்காக எடுத்த முயற்சி, ஒரு நாட்டையே எச்சரித்தது.

ஆயினும் வளர்ச்சியில் ஓர் ஆபத்து உண்டு. வீடு பெரிதானால் வாசலில் தட்டும் ஒலி உள்ளறைக்குக் கேட்பதில்லை. எந்த மருத்துவமனைக்கும், பள்ளிக்கும், ஏன், எந்தப் பங்கிற்கும் இது பொருந்தும். உயர்ந்த கருவிகள் வரும்; உயர்ந்த செலவும் வரும்; ஏழை தானாகவே ஒதுங்கிக்கொள்வான். இதை உணர்ந்தே வேலூரில், கிராமங்களுக்கான சமூக நலத்துறையும், 1977இல் கே.வி. குப்பம் பகுதிக்கான ஊரக நலத்திட்டமும், 1982இல் நகரத்து ஏழைகளுக்கெனக் குறைந்த செலவு மருத்துவப் பிரிவும் அமைந்தன. அங்குள்ள மருத்துவர் மாதச் சம்பளம் பெறுவோர். தனித்தொழில் செய்து பொருளீட்டுவதில்லை. வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணத்தின் மிச்சம் வசதியற்றோரின் சிகிச்சைக்கும் கல்விக்கும் திரும்புகிறது. இலாபம் கருதாத நிலையம் என்றால் வரவு இல்லாத நிலையம் என்று பொருளன்று. வரவு எவர் வீட்டிற்கும் போகாத நிலையம் என்பதே பொருள்.

மாணவருக்கும் ஒரு கடமை உண்டு. படிப்பு முடிந்ததும், தம்மைப் பரிந்துரைத்த சபையாரின் மருத்துவமனை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அவை பெரும்பாலும் பெருநகரத்திற்கு வெகுதொலைவில் உள்ளவை. அதற்கேற்றவரைத் தேர்ந்தெடுக்க நேர்முகமாகப் பல நாள்கள் சோதித்துப் பார்ப்பது வேலூரின் பழைய முறை. நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு வந்தபோது இம்முறை போய்விடுமே என்று நிலையத்தார் வருந்தி, 2017இல் எம்.பி.பி.எஸ். வகுப்பின் 100 இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பி, நீதிமன்றத்தில் வழக்காடினர். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பொது நுழைவுத் தேர்வு சிறுபான்மையோர் கல்லூரிகளுக்கும் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. பணத்திற்கு இடங்களை விற்கும் கொடுமையைத் தடுக்க ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்போரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. ஒரு மாணவிக்கு எவ்வளவு தெரியும் என்பதைத் தேர்வுத்தாள் காட்டும். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் அவள் எழுந்து திறப்பாளா என்பதைக் காட்டாது. அதைப் பார்க்க வேண்டிய பொறுப்பு இப்போது கல்லூரியைவிடக் குடும்பத்திற்கே மிகுந்துவிட்டது.

ஆம், குடும்பங்களே, உங்களுக்கே. வீட்டு வேலைக்காரி காய்ச்சலில் கிடக்கும்போது உங்கள் மகள் என்ன செய்கிறாள்? அண்டை வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், தேர்வு நெருங்குகிறது என்று மகனைத் தடுக்கிறீர்களா, அனுப்புகிறீர்களா? மருத்துவர் பாகாயத்தில் உருவாவதற்கு முன் உங்கள் சமையலறையில் உருவாகிறார். தொண்டு பெறுவதற்கன்றித் தொண்டு செய்யவே வந்தவரின் சொல்லைத்தான் வேலூர்க் கல்லூரி தன் குறிக்கோளாக ஏற்றுள்ளது. நாம் ஞாயிறுதோறும் பீடத்தைச் சூழ்ந்து நின்று கேட்பதும் அவருடைய சொல்லையே.

இவ்வளவையும் அன்று திண்ணையில் சுருக்கமாகச் சொல்லி முடித்தோம். தாயார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதுவரை தலை நிமிராத மகள் அப்போதுதான் வாய் திறந்தாள்: "சாமி, இறந்துபோன அந்த மூன்று பெண்களின் பெயர் என்ன?"

நாம் திகைத்துப்போனோம். எத்தனை மறையுரைகளில் இக்கதையைச் சொல்லியிருக்கிறோம்! ஐடாவின் பெயர் சொன்னோம். நன்கொடையாளர் பெயர் சொன்னோம். அறிஞர் பெயர்களை அடுக்கினோம். யாருக்காக இவையெல்லாம் எழுந்தனவோ, அவர்கள் பெயரைக் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவேயில்லை. வழிவழியாகச் சொல்லப்படும் அக்கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. இறைவன் ஒருவரே அறிவார்.

கடிதத்தில் வழக்கமாக எழுதும் சொற்களை எழுதி, கீழே மேலும் ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டோம். நோயாளியின் பெயரை முதலில் கேட்கும் மருத்துவராக இப்பெண் வருவாள் என்று நம்புகிறோம், என்பதே அந்த வரி.